நஸீரா வந்தால் அடிக்கும் மணி

இனி இந்த வீட்டில் தொதல் கிடையாது என்று என் மனைவி நஸீரா அறிவித்தது ஒரு வெள்ளிக்கிழமை. ராமநாதபுரத்து டாக்டர் என் ரத்தச் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேராக அவளிடம் சொன்னார். ஒரு வீட்டில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது டாக்டர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

தொதலை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேங்காய்ப் பாலையும் கருப்பட்டியையும் அரிசி மாவோடு சேர்த்து, எண்ணெய் கக்கும் வரை கிண்டி இறக்குகிற அல்வா மாதிரி ஒன்று. கீழக்கரையில் செய்வார்கள். வெள்ளிதோறும் எங்கள் ஊரான மண்டபத்துக்கு, தெருமுனைக் கனி பாய் கடைக்கு வந்துவிடும். ஜும்ஆ தொழுதுவிட்டு அந்தக் கடையைத் தாண்டி நடக்கிறவன் மனஉறுதி உள்ளவன். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

என் தொழில் சர்வர் பார்ப்பது. துபாயில் உள்ள ஒரு கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை மண்டபத்தில் கைலி கட்டிக்கொண்டு மேய்க்கிறேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுசுக்கு வேலை இல்லை. கட்டளையை அடித்தால் நடக்கும். அங்கே நான் 'ரூட்'. எதையும் ஆக்கலாம், அழிக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். நாற்காலியை விட்டு எழுந்து அடுப்படிப் பக்கம் வந்தால் தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி வேண்டும்.

அத்தனை சர்வரையும் கடல் தாண்டிக் கண்காணிக்கிறவன் ஒரு மனைவியைக் கண்காணிக்க முடியாதா என்று ஒருநாள் தோன்றியது. உட்கார்ந்து எழுதினேன்.

'பிங்' என்று ஒரு கட்டளை உண்டு. வலைப்பின்னலில் இருக்கிற இன்னொரு கருவியைப் பார்த்து "இருக்கியா?" என்று கேட்கும். இருந்தால் "இருக்கேன்" என்று பதில் வரும். நஸீராவின் போனை அப்படி ஓயாமல் கேட்க வைத்தேன். பதில் நின்றுபோனால் அவள் வீட்டில் இல்லை. பதில் திரும்ப வந்தால் வாசல் கேட்டுக்கு வந்துவிட்டாள், வைஃபை எட்டிவிட்டது. உடனே மணி அடிக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் சின்னதாக ஒரு 'ஸ்லீப்', அதாவது குட்டித் தூக்கம் போட்டேன், இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். ஒரு தடவை பதில் வராததை நம்பாதே, நாலைந்து தடவை கேட்டுப் பார் என்றும் எழுதினேன். போன்கள் சில நேரம் கண்ணயர்ந்துவிடும். இத்துறையில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம். நல்ல யோசனைகள்தான். நோக்கம்தான் கொஞ்சம் கோணல்.

திட்டம் அருமையாக வேலை செய்தது. அவள் உம்மா வீட்டுக்குப் போவாள். பிரிண்டருக்குப் பின்னால் இருந்து தொதல் பொட்டலம் வெளியே வரும். மணி அடிக்கும். பொட்டலம் உள்ளே போகும். வாயைத் துடைத்துக்கொண்டு டகடகவென்று எதையாவது தட்டுவேன்.

"என்ன மச்சான் சத்தம்?" என்றாள் ஒருநாள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"துபாய் சர்வரு. மெமரி கூடிப்போச்சு."

"பாவம்."

அடுத்த தடவையும் கேட்டாள்.

"இப்பவும் மெமரியா?"

"ஆமா."

"நான் வீட்டுக்கு வந்தாத்தான் அதுக்கு மெமரி கூடுதா?"

"அப்படியெல்லாம் இல்ல புள்ள. தற்செயலு."

அவள் என் கீபோர்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்த ஒரு கட்ட மட்டும் ஏன் இப்படி மினுங்குது?" என்று என்டர் கட்டையைக் காட்டினாள். அதிகம் உழைக்கிற கட்டை என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அந்தச் சிரிப்பை நான் தவறாகப் படித்துவிட்டேன்.

அடுத்த வெள்ளி சாயங்காலம். "பக்கத்து வீட்டு சூஃபியாவப் பாத்துட்டு வாரேன்" என்றாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. 'டெயில்' என்று அடித்தேன். ஒரு கோப்பின் வால் பகுதியை, அதாவது கடைசி வரிகளை மட்டும் காட்டுகிற கட்டளை. பிங்கின் பதில்களைக் குறித்துவைக்கிற கோப்பில், பதில் இல்லை, பதில் இல்லை, பதில் இல்லை என்று வரிசையாக நின்றது. இவ்வளவு அழகான வரிகளை நான் கவிதைகளில்கூடப் படித்ததில்லை.

பொட்டலத்தைப் பிரித்தேன். முதல் துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். இரண்டாவதில் பாதி போயிருக்கும்.

"அந்தப் பெரிய துண்டு எனக்கா மச்சான்?"

திரும்பினேன். அறை வாசலில் நஸீரா நின்றாள். கையில் போன்.

"மணி அடிக்கலையே" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"போனுல வைஃபைய அமத்திட்டேன். கதவ மட்டும் சாத்திட்டு அடுப்படியிலதான் நின்னேன்."

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"போன வாரம் என் போனை வீட்டுல வச்சுட்டு வெளிய போயிட்டு வந்தேன். மணி அடிக்கல. மறுநாள் போனை சூஃபியா கையில குடுத்து, அவ வீட்டுலேருந்து நம்ம வாசல் கேட்டு வரைக்கும் நடக்கச் சொன்னேன். நான் இங்கன அடுப்படியில இருக்கேன், மணி அடிக்குது. அப்ப உங்க சர்வருக்கு மெமரி கூடுறது என்னால இல்ல, என் போனாலன்னு தெரிஞ்சு போச்சு."

துபாயில் எனக்கு மேலே இருக்கிற என்ஜினியர்கள்கூட ஒரு கோளாறை இவ்வளவு ஒழுங்காகப் பிரித்துப் பார்த்ததில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் தொதல் இருந்தது.

அவள் திட்டவில்லை. எதிரே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எங்க வாப்பாவும் இப்படித்தான் ஒளிச்சு ஒளிச்சுத் தின்னாக. சர்க்கரையால அவுக காலை எடுத்தப்ப ஆஸ்பத்திரியில ராப்பகலா கூட இருந்தது நான்தான். உங்களுக்கும் அப்படி உக்கார எனக்குத் தெம்பு இல்ல மச்சான்."

வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினேன், விக்கியது. தண்ணீர் கொடுத்தாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இந்த மணிய நிறுத்துங்க."

"கில் போடுறேன்."

"யாரக் கொல்லப் போறீக?"

"ஓடிக்கிட்டு இருக்கிறத நிறுத்துற கட்டளைக்குப் பேரே அதுதான்." நிறுத்தினேன். எந்தக் கோப்புறையில் நிற்கிறேன் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, எழுதின கோப்பையும் அழித்தேன். பதற்றத்தில் கம்பெனிக் கோப்பை அழித்துவிடக் கூடாது பாருங்கள்.

"அழிச்சாச்சு."

"திரும்பி வராதா?"

"இங்கன குப்பைக் கூடையெல்லாம் கிடையாது. போனா போனதுதான்."

"பேக்கப் இல்லாம நீங்க எதையும் வைக்க மாட்டீகளே."

தலையைக் குனிந்துகொண்டு பென்டிரைவைச் செருகி, அதில் இருந்த நகலையும் அழித்தேன்.

"ஆச்சா?"

"ஆச்சு புள்ள. அல்லாஹ் அறிய வேற நகல் இல்ல."

"நான் தொதலோட பேக்கப்பக் கேட்டேன்."

யுபிஎஸ் வந்த அட்டை டப்பாவுக்குள் இருந்த இரண்டாவது பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். அதிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிள்ளி என் வாயில் போட்டாள். மீதியை சூஃபியா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு வாரம் ஒழுங்காக இருந்தேன். சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடந்தேன், கொய்யாக்காய் தின்றேன், சர்க்கரைக்கென்று நஸீரா தினமும் கொடுத்த வெந்தயத்தை முழுங்கினேன். அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்து வரும்போது கால் தானாகக் கனி பாய் கடை முன்னால் நின்றது. வாங்க இல்லை, பார்க்கத்தான். இந்த முறை கம்ப்யூட்டர் கிடையாது, மணி கிடையாது. அவள் கண்டுபிடிக்க ஒரு தடயமும் இல்லை.

"ஒரு சின்னத் துண்டு" என்றேன் மெதுவாக.

கனி பாய் எனக்காகவே காத்திருந்தவர் மாதிரி ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு தெருத் திருப்பத்தில் மறைந்து நின்று ஆசையாகப் பிரித்தேன்.

உள்ளே வெந்தயம்.