மணலில் நான் எழுதியது சரிதான்

தப்புச் செய்தவர்கள் ஒப்புக்கொண்டு எழுதுவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனாலும் ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது நிஜம். அதை மறைக்கவில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவள். வாலாஜாபாத்தில் பிறந்தேன். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். கல்யாணமாகி சாலவாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த ஊர்ப் பெண்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தலை கொஞ்சம் பெருத்துவிட்டது. (கொஞ்சம் இல்லை. ஒரு முழம் பூ வைத்தால் போதாது.)

ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. பக்கத்து ஊருக்குப் போக ஏரிக் கலங்கலைத் தாண்ட வேண்டும். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அந்த வழியாகத்தான் பாயும். பெரியவர்களுக்கே இடுப்பளவு வரும். முந்தின மழையில் கன்னியம்மா என்ற சின்னப் பெண்ணை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாணல் புதரில் மாட்டியதால் பிழைத்தாள். அதோடு எல்லோரும் பிள்ளைகளை மாடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள்.

சைக்கிளில் வருகிற சர்க்கார் ஆள், கிராம சேவக், ஒரு நாள் சொன்னார்: இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார், பிள்ளைகளுக்கு நாலு எழுத்து அடையாளம் தெரிந்தால் ஊருக்கே பள்ளிக்கூடம் கிடைக்கும், தெரியாவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும். அதுவரை சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். (வேண்டாம் என்று இல்லை. வெட்கப்பட்டதுபோல் இருக்க வேண்டுமே.) நடவுக்கு ஒரு ஆள் குறைகிறதே என்று மாமியார் முணுமுணுத்தார். வீட்டுக்காரர்தான் சமாதானம் செய்தார்.

சிலேட்டு கிடையாது. ஏரி மணலை அள்ளிவந்து களத்து மேட்டில் பரப்பினோம். நான் புளியமரத்தில் சாய்ந்து உட்காருவேன். பிள்ளைகள் எதிரே. நடுவில் மணல். விரலால் பெரிதாக எழுதி, 'ட' என்பேன். 'ட' என்று கத்துவார்கள். அவரவர் முன்னால் எழுதச் சொல்வேன். எழுதுவார்கள். இருந்த இடத்திலிருந்தே பார்ப்பேன். அத்தனையும் அச்சு மாதிரி இருக்கும். ஒரு தப்பு இருக்காது. வாலாஜாபாத்தில் என்னை அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்மேல் எனக்குக் கோபமே வந்தது. அடிக்காமலே வருகிறதே, பிறகு எதற்கு அடித்தார்?

அடுத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தேன். ப, ட, ம். படம். அதுவும் வந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டு, மூக்குக் கண்ணாடி, கையில் சுருட்டிய கறுப்புத் துணிப் பலகை. அதைப் புளியமரத்தில் மாட்டினார். வேலையை விட்டுவிட்டு ஊரே வந்து நின்றது.

சாக்பீஸால் 'ட' போட்டு இது என்ன எழுத்து என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. 'ப' போட்டார். இல்லை. 'ம' போட்டார். பிள்ளைகள் என்னைப் பார்த்தன. நான் கண்ணால் மிரட்டினேன். நேற்றுவரை தொண்டை கிழியக் கத்திய கழுதைகள்.

இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று கிராம சேவக்கிடம் சொல்லிவிட்டு, சாக்பீஸைக் கோட்டுப் பையில் போட்டார். கன்னியம்மாவின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போயிற்று.

அப்போது கன்னியம்மா எழுந்தாள். பலகைக்கு முதுகைக் காட்டி நின்றாள். குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே தலையை விட்டுப் பார்த்தாள்.

"அது ட. அது ப. அந்த ஓரத்துல கீறது ம."

அவ்வளவுதான். மொத்தப் பிள்ளைகளும் எழுந்து, திரும்பி, குனிந்தன. இன்ஸ்பெக்டருக்கு வரிசையாகப் பின்பக்கம். குழந்தை இப்படிக் குனிந்து பார்த்தால் வீட்டுக்கு விருந்தாளி வருவார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாமியார் சத்தமாகவே கேட்டார்.

"இன்னாடி இது, இத்தினி பேரு கவுந்துக்கினு பாக்குதுங்க. வர்ற விருந்தாளிக்கெல்லாம் யாரு சோறாக்கறது?"

ஊர் சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நான் உட்காரும் இடத்தில் நின்று மணலில் இருந்த எழுத்தைப் பார்த்தார். பிள்ளைகள் பக்கம் போய்ப் பார்த்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். குனிந்த பிள்ளைகள் குனிந்தபடியே காலுக்கு நடுவிலிருந்து கையை நீட்டி என்னைக் காட்டின.

"நீங்க எதிர்ல உட்கார்ந்து எழுதினா, அவங்களுக்கு எல்லாமே தலைகீழாத்தானேம்மா தெரியும்?"

அந்த நிமிஷம்வரை அது என் பெருத்த தலைக்குள் ஏறவே இல்லை. வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"நான் எழுதனது சரியாத்தான் கீது சார். அதுங்க உக்காந்த பக்கந்தான் தப்பு."

அப்போது சிரித்தார் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். கிராம சேவக்கும் சேர்ந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சிரிச்சது போதும் சார். புள்ளைங்களுக்கு எழுத்து தெரியுதா, இல்லியா? மழை வந்தா கலங்கல் தண்ணி இதுங்கள இஸ்துக்கினு பூடும். அதுக்கு வழி சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. கோட்டுப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து 'மரம்' என்று எழுதினார். நான் சொல்லிக்கொடுக்காத வார்த்தை. கன்னியம்மா மறுபடி குனிந்தாள். ம என்றாள். ர என்றாள். ம் என்றாள். மூன்றையும் கூட்டினாள்.

"மரம். உங்க பலக தொங்குதே, அது."

ஊருக்குப் பள்ளிக்கூடம் எழுதிவிடுகிறேன் என்றார் இன்ஸ்பெக்டர். வாத்தியாரை நாங்களே அனுப்புகிறோம் என்றும் சேர்த்துக்கொண்டார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கீற்றுக் கொட்டகையில் பள்ளிக்கூடம் வந்தது. அந்த மழைக்கு ஒரு பிள்ளையும் கலங்கலில் கால் வைக்கவில்லை. புது வாத்தியாரோ பிள்ளைகளை நிமிர்த்தவே பாதி வருஷம் போயிற்று என்று போகிற இடமெல்லாம் புலம்பினார். எனக்குக் 'கவுந்த டீச்சர்' என்று பேர் விழுந்தது. கன்னியம்மாவின் அம்மா ஒருத்திதான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

இன்றைக்கும் மகளிடமிருந்து கடிதம் வந்தால் வீட்டுக்காரர் அதைத் தலைகீழாகத்தான் நீட்டுவார்.

"இந்தாமே, ஒனக்கு வசதியா புடிச்சிக்கினு கீறேன்."

புது மருமகன் வந்தாலும், சம்பந்தி வந்தாலும், காப்பிக்கு முன்னால் இந்தக் கதைதான். நான் காப்பி போடப் போய்விடுவேன். கீற்றுப் போய் ஓடு வந்து, பள்ளிக்கூடம் அதே இடத்தில் இருக்கிறது. யார் எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாலும் நேராகத்தான் நிற்கிறது.