ஜன்னல் அறையைப் பிடிக்க வந்த பிரிண்டர்

ஜன்னல் அறையைக் கைப்பற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். உயிரே போனாலும் சரி. என் உயிரைத்தான் சொல்கிறேன். என் மனைவியின் உயிரைப் பணயம் வைக்கும் துணிச்சல் எனக்குக் கிடையாது.

எங்கள் வீட்டில் ஒரு ஹால், இரண்டு அறைகள். பின்பக்கத்து அறை என்னுடையது. ஜன்னல் கிடையாது. உள்ளே போனால் கரடிக்குக்கூடத் தூக்கம் வரும். முன்பக்கத்து அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு ஜன்னல். காலை வெளிச்சம் பால் மாதிரி கொட்டும். அந்தப் பாலில் முப்பது வருஷமாக என் மனைவி தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு சட்டை தைக்கிறாள்.

நான் ஓய்வு பெற்ற சர்வேயர். நாற்பது வருஷம் ஊரார் நிலத்தை அளந்து கல் நட்டவன். வெட்டுப்பழி குத்துப்பழியாக நின்ற அண்ணன் தம்பிகளைச் சங்கிலி போட்டுப் பிரித்தவன். என் சொந்த வீட்டில் மட்டும் எனக்கென்று ஒரு எல்லைக்கல் கிடையாது.

ஓய்வுக்குப் பிறகு கேமராவைப் பிடித்தேன். ஒரு கொக்கை எடுத்தேன் பாருங்கள்! நான் கேமராவைத் தூக்கியதும் அது காலை மாற்றி நின்று, கழுத்தைத் திருப்பி, 'இந்தப் பக்கம்தான் எனக்கு எடுப்பு' என்பது போல ஒரு பார்வை பார்த்தது. நம்பாதவர்கள் அந்தக் கொக்கையே கேட்டுக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்ட கொக்கை போனில் கட்டைவிரல் அளவுக்கா பார்ப்பது? பருத்தித் தாளில் ஆளுயரம் அச்சடிக்க வேண்டும். அடித்ததை நல்ல பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதற்கு ஜன்னல் அறை வேண்டும். நான் கேட்டால் தர மாட்டாள். ஆகவே பிரிண்டரே கேட்கும்படி செய்ய வேண்டும்!

கடைக்கு நாலு நடை நடந்தேன். மீசை நரைத்த மெக்கானிக் ஒருவர் பொறுமையாக விளக்கினார். பதினேழு அங்குலத் தாளுக்கு ஒரு மெஷின், இருபத்துநாலுக்கு ஒன்று, நாற்பத்துநாலுக்கு ஒன்று.

"உங்க கொக்குக்கு இருபத்துநாலு தாராளம் சார்."

"பெருசோட உடம்பு எவ்வளவு நீளம்?"

"ஆறடி வரும்."

"அதுதான் வேணும்."

கொக்குக்கு அல்ல, அறைக்கு அளவெடுக்கிறேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டு குப்பி மை, எத்தனையோ வருஷம் மங்காது என்றார். தலையாட்டினேன். கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள், அப்படியே கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

"துணி, நூல் பக்கத்துல மட்டும் வைக்காதீங்க சார். பிசிறு தாள்ல விழும். அது மேல மை விழும். அப்புறம் பிசிறு உதிர்ந்தா படத்துல வெள்ளைப் புள்ளி."

"ஐயா, இதை என் வீட்டுக்கு வந்து சொல்லணும். அழுத்திச் சொல்லணும்!"

மெஷின் வந்தது. நாலு பேர் தூக்கி வந்து ஹாலில் வைத்தார்கள். மெக்கானிக் சொன்னபடி அழுத்திச் சொன்னார். என் மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு நின்று கேட்டாள்.

"அடடா, அப்ப என் துணி பக்கத்துலயே வரக் கூடாதுங்களா?"

"கூடவே கூடாதும்மா."

"பாவம், என்ன பண்றது," என்றேன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு. "உன் தையல் மெஷினை ஹாலுக்கு மாத்திடலாம்."

"இருங்க, அவசரப்படாதீங்க. ஏங்க ஐயா, வெயில் பட்டா இதுக்கு ஆகுமா?"

"ஜன்னல் பக்கத்துல வைக்கவே கூடாதும்மா. மை காஞ்சு போகும்."

நான் இருமினேன்.

"முப்பது வருஷமா துணி வெட்டின அறைன்னா? பெருக்கிட்டு வைக்கலாமா?"

"பெருக்கினாலும் பிசிறு போகாதும்மா. இடுக்குல எல்லாம் இருக்கும்."

நான் பலமாக இருமினேன்.

"சார், மெஷின் பக்கம் இருமாதீங்க."

"அப்ப ஜன்னல் இல்லாம, குளிர்ச்சியா, துணியே நுழையாத அறையா இருந்தா?"

"அப்படி ஒண்ணு அமைஞ்சா அதிர்ஷ்டம்தாம்மா!"

"அமைஞ்சிருக்கு. வாங்க."

என் அறைக் கதவைத் திறந்தாள். நாடாவைச் சர்ரென்று உருவி என் கட்டிலை அளந்தாள். "ஆறே கால் அடி. கட்டிலை எடுத்துட்டா கச்சிதமா உக்காரும்."

"நான் எங்கே படுக்கிறது?"

"ஹால்ல. கம்பளியையும் எடுத்துட்டுப் போங்க. வீட்டுலயே அதிகமா பிசிறு உதிர்க்கிறது அதுதான்."

நாற்பது வருஷம் அளந்தவனைப் பத்து நொடியில் அளந்துவிட்டாள்.

போகட்டும், பிரிண்டராவது எனக்கு மிஞ்சியதே! கொக்கை அச்சடித்தேன். மெஷின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி ஓடி, முதலில் அலகை வெளியே விட்டது, பிறகு கழுத்து, பிறகு தண்ணீர். என் மனைவிகூடத் தையலை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"நல்லா நிக்குது," என்றாள். "உங்களை விட நேரா."

அந்தப் பாராட்டைப் பத்து நாள் அசை போட்டேன். பதினோராம் நாள் இன்னொரு பிரதி அடித்தால், கொக்கின் கழுத்தெல்லாம் கோடு. கொக்கு போய் வரிக்குதிரை வந்துவிட்டது. மெக்கானிக்கை அழைத்தேன்.

"பத்து நாள் சும்மா போட்டா மை வர்ற மூக்கு அடைச்சுக்கும் சார். வாரத்துக்கு ரெண்டு தடவையாவது ஓட்டணும்."

என்னிடம் இருக்கும் நல்ல படங்கள் மொத்தம் மூன்று. அதில் இரண்டு அதே கொக்கு. வாரத்துக்கு இரண்டு தடவை எதை ஓட்டுவது?

"விடுங்க, நான் ஓட்டுறேன்," என்றாள்.

"நீயா? உன்கிட்ட என்ன படம் இருக்கு?"

"சட்டை."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இத்தனை நாளாக ஒவ்வொரு அளவுக்கும் காலர், கை, முதுகு என்று ஸ்கேல் வைத்துக் காகிதத்தில் வரைந்து வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு அளவு வரைய ஒரு பகல் போய்விடும். இப்போது வெளியூரில் இருக்கும் எங்கள் மகள் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்புகிறாள். இவள் சாதாரணத் தாள் ரோலை மாட்டி, ஒரு பொத்தானைத் தட்டுகிறாள். பெரிய ஆள் சட்டையின் முதுகு முழுசாக இறங்கி வருகிறது.

"சின்ன மெஷின் வாங்கியிருந்தா ரெண்டு தாளை ஒட்ட வேண்டியிருக்கும்," என்றாள். "நல்ல வேளை, பெருசா யோசிச்சீங்க."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் அதை நாற்பத்துநாலு அங்குல அகலத்தில் வைத்துக்கொண்டேன்.

ஒரே மாதத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தமும் அவள் கைக்கு வந்துவிட்டது. மெஷின் தினம் ஓடுகிறது. அதன் மூக்கு அடைப்பதே இல்லை. எனக்குத்தான் மூச்சடைத்தது.

"ஏம்மா, என் மூணாவது படத்தை எப்ப அடிக்கிறது?"

"இந்தச் சீருடை முடியட்டும்."

"எப்ப முடியும்?"

"கை பத்தலைங்க. பட்டன் தைக்க ஒரு ஆள் கிடைச்சா சீக்கிரம் முடியும்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். அந்தக் கொக்குகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஆக, நான் நினைத்ததைச் சாதித்துவிட்டேன். ஜன்னல் அறையில், ஜன்னலை ஒட்டினாற்போல், வீட்டிலேயே நல்ல இடத்தில் எனக்கு ஒரு நாற்காலி. பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறேன். வெளிச்சம் பிரமாதம். நூல் கோக்கக் கண்ணாடியே வேண்டாம்.

நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சரம்மா ஒருவர் சீருடை வாங்க வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவர் யாரு?" என்று கேட்டார்.

"புதுசா சேர்ந்திருக்கார்," என்றாள் என் மனைவி. "பட்டன் தைப்பார். காஜா எடுக்க இன்னும் கை வரல."