பேராச்சிக்குப் பரமபத அட்டை வாங்கிய வகையில்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் மணிமுத்து அவர்களுக்கு, மேலகரத்திலிருந்து உங்கள் தங்கை புருஷன் குத்தாலிங்கம் எழுதுவது. நான், சுகந்தி, மகள் பேராச்சி மூவரும் உடம்பைப் பொறுத்தவரை சௌக்கியம். மனசைப் பொறுத்தவரை உள்ள நிலவரம் கீழே வருகிறது. பெங்களூரில் உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாயிருக்க இலஞ்சிக் குமாரரை வேண்டிக்கொள்கிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவன் ஏன் கடிதாசி எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். அதில் நான் என்ன எழுதினாலும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். போன மாதம் பேராச்சிக்குக் காய்ச்சல் என்று போட்டதற்கும் அதே கட்டைவிரல்தான் வந்தது. காகிதத்துக்கு விரலைக் காட்ட முடியாது. முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

நீங்கள் ஆடிச் சாரலுக்கு வந்திருந்தபோது, ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, ஈரத்துண்டோடு என் வீட்டு நடுவில் நின்றுகொண்டு, தட்டில் எத்தனை முறுக்கு இருக்கிறது என்று நாலு வயதுப் பிள்ளையிடம் கேட்டீர்கள். அவள் “நெறைய” என்றாள். சரியான பதில். நீங்கள் உட்கார்ந்து தின்று முடித்தபிறகு கேட்டிருந்தால் “இல்ல” என்றிருப்பாள், அதுவும் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நீங்களோ பிள்ளைக்கு எண் அறிவே கிடையாது என்று தீர்ப்புச் சொல்லி, இதற்கு மருந்து எண்ணி விளையாடுகிற போர்டு கேம்தான், அதுவும் காலங்காலமாக ஆடிவருகிற கிளாசிக்காகப் பார்த்து வாங்க வேண்டும் என்று, நான் அரிசிக் கடையைத் திறக்கப் போக முடியாதபடி பேசினீர்கள். உங்கள் வாய் முகூர்த்தம், அதே வாரத்தில் பள்ளிக்கூடத்திலும் ஒரு கூட்டம் போட்டு, காலாண்டு முடிவதற்குள் இருபது வரை எண்ணத் தெரியாத எல்கேஜி பிள்ளைகள் ப்ரீகேஜிக்கு இறக்கப்படுவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். லஞ்சம் வாங்கிப் பிடிபட்டவனைக்கூட இந்தக் காலத்தில் அப்படி இறக்குவதில்லை. பேராச்சிக்கு அது மானப் பிரச்சினை. ப்ரீகேஜியில் இருப்பதெல்லாம் டவுசரை நனைக்கிற கூட்டம் என்பது அவள் அபிப்பிராயம். “ப்பா, அந்தக் கைப்பிள்ளைகளோட என்னய உக்கார வச்சிருவாவளோ?” என்று தினமும் கேட்க ஆரம்பித்தாள்.

முதலில் நீங்கள் அனுப்பிய மரப்பலகை வந்தது. கரடி நடந்துபோய் ஏதோ பழம் பறிக்கிற ஆட்டம். ஆடுகிற விதிமுறையைத் தமிழ் தவிர உலகத்திலுள்ள பாஷையிலெல்லாம் அச்சடித்திருந்தார்கள். பேராச்சி கரடியை எடுத்துக்கொண்டாள். பலகையை சுகந்தி வெங்காயம் நறுக்க எடுத்துக்கொண்டாள். நல்ல கெட்டியான பலகை மச்சான், உங்கள் காசு வீண்போகவில்லை. அடுத்தது பல்லாங்குழி. புளியமுத்தைக் குழியில் போடம்மா என்றால் மூக்கில் போட்டுக்கொண்டாள். தென்காசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எத்தனை முத்து போட்டாய் என்று டாக்டர் கேட்டதற்கு, உங்களுக்குச் சொன்ன அதே பதிலைத்தான் அவருக்கும் சொன்னாள். மனிதர் வெலவெலத்துப்போய் இரண்டு மூக்கிலும் விளக்கடித்துப் பார்த்தார். சரி, தாயம் ஆடலாம் என்றால், வீட்டுக்குள் தாயம் உருட்டினால் சண்டை வரும் என்று உங்கள் தங்கை தடுத்துவிட்டாள். தாயம் உருட்டாமலே எங்கள் வீட்டில் நடக்கிற சண்டைக்கெல்லாம் நீங்கள்தான் காரணம் என்பதை இந்த இடத்தில் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கடைசியில் குற்றாலத்துக்குப் போய், அருவிக்குப் போகிற பாதையிலுள்ள கடையில் பரமபத அட்டை கேட்டேன். கடைக்காரர் என்னைச் சீசனுக்கு வந்த மலையாளத்துக்காரர் என்று நினைத்து ஒரு விலை சொன்னார். நான் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியதும் பாதியாகக் குறைத்தார். அந்த அட்டையை வைத்து, வியாபாரம் ஓய்ந்த மத்தியான நேரத்தில், அரிசிக் கடையிலேயே மூட்டை மேல் உட்கார்ந்து ஆடினோம். உங்கள் மருமகளுக்கு ஏணி வந்தால் அழுகை, பாம்பு வந்தால் கைதட்டல். பாம்பின் வாயில் விழுந்து வால்வரைக்கும் சறுக்கிக்கொண்டு வருவது அவ்வளவு சுகமாக இருக்கிறதாம். ஊரில் உள்ளவர்களெல்லாம் மேலே ஏறத் துடிக்கிறார்கள், இவள் ஒருத்தி கீழே வர வரிசையில் நிற்கிறாள். ஆனால் பாம்பு எத்தனை கட்டம் தள்ளியிருக்கிறது என்று எண்ணத் தெரிந்தால்தானே குறிபார்த்து அதன் வாயில் விழ முடியும்? அதற்காகவே எண்ணப் படித்தாள். இங்கிலீஷ் பள்ளிக்கூடமாயிற்றே, இங்கிலீஷிலேயே எண்ணுங்கள் என்று சுகந்தி சொன்னாள், அப்படியே எண்ணினோம். இருபது என்ன, ஐம்பது வரைக்கும் போனாள். நான் பாதிக் கடைவீதியில் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

பரீட்சை நாளன்று அவள் வகுப்பு ரெபேக்காள் மிஸ் மரக்கட்டைகளை அடுக்கிவைத்து எண்ணச் சொன்னார். பேராச்சி கணீரென்று ஆரம்பித்தாள்: “லாபம், டூ, த்ரீ, ஃபோர்...”

உங்களுக்கு மறந்திருக்காது மச்சான். நம் பக்கம் படி அளந்தாலும் மூட்டை இறக்கினாலும் முதலாவதை ஒண்ணு என்று சொல்கிற வழக்கமில்லை, லாபம் என்றுதான் தொடங்குவோம். ஆலங்குளம் சந்தையில் போய் நின்று கேளுங்கள், ஒண்ணு என்று எவனாவது சொல்கிறானா பார்ப்போம். வருஷக்கணக்காக அப்படியே பழகிப்போன என் வாய், காயை நகர்த்தும்போதும் லாபம், டூ என்றே சொல்லியிருக்கிறது. எனக்கே தெரியவில்லை. சுகந்தியும் கவனிக்கவில்லை, அவளும் அதே கடையில் உளுந்து அளக்கிறவள்தானே. மிஸ் விடவில்லை. ஒன்று எழுதிய அட்டையைக் காட்டினார், லாபம். ஒற்றை விரலைக் காட்டினார், லாபம். உனக்கு அப்பா எத்தனை பேர் என்று கேட்டார், அதற்கும் லாபம். அந்த ஒரு பதில் மட்டும்தான் தப்பு என்கிறாள் உங்கள் தங்கை.

“சார், இருபது வரைக்கும் சொல்லுதா. ஆனா ஒண்ணு தெரியல. ஒண்ணே தெரியாத பிள்ளைய நான் எப்படி எல்கேஜில வச்சிருக்க?” என்றார் மிஸ். நான் சந்தையைப் பற்றியும் படியைப் பற்றியும் எடுத்துச் சொல்லச் சொல்ல, அவர் முகம், பிள்ளைக்கு இந்தக் குறை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது என்பதாகப் போனது. திங்கட்கிழமையிலிருந்து ப்ரீகேஜி. பீஸ் மட்டும் எல்கேஜி பீஸ்தானாம், அது இறங்காதாம். அன்று வீட்டுக்கு வந்தவள் யூனிபார்மைக் கழற்ற விடவில்லை. கழற்றினால் கைப்பிள்ளைகளின் சட்டையைப் போட்டுவிடுவோம் என்று பயந்து, ஷூவோடு படுத்துத் தூங்கிவிட்டாள். பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள்.

ஆகையால் கேட்டுக்கொள்வது. பள்ளிக்கூடக் கரஸ்பாண்டென்ட் ஜெஸ்வின் சார் உங்களோடு கல்லூரியில் படித்தவர் என்று சொல்லியிருக்கிறீர்கள். அவருக்கு ஒரு வார்த்தை போன் பண்ணுங்கள். கட்டைவிரல் வேண்டாம், வாயைத் திறந்து பேசுங்கள். நீங்கள் சொன்னதெல்லாம் சரி, நான் செய்ததெல்லாம் தப்பு என்று இதன் மூலம் ஒத்துக்கொள்கிறேன். பரமபத அட்டையைப் பரணில் போட்டுவிடுகிறேன். லீவுக்குப் பிள்ளையை அங்கே அனுப்புகிறேன், எந்தக் கரடியோடு வேண்டுமானாலும் ஆடட்டும். கடையிலும் இனி ஒண்ணு என்றே அளக்கிறேன். அதனால் வியாபாரம் படுத்தால் நஷ்டத்தை உங்கள் பேரில் எழுதிக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சிறுவர்களுக்கு ஆசிகள், உங்களுக்கு இரண்டிலும் பாதிப் பாதி.

இப்படிக்கு,
பணிவு குறையாத,
குத்தாலிங்கம்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் மன்னிப்புக் கேட்ட பகுதி அனைத்தும் ரத்து. போன் பண்ண வேண்டாம், அட்டை பரணுக்குப் போகவில்லை, பிள்ளையும் பெங்களூர் வரமாட்டாள். திங்கட்கிழமை காலை இந்தக் கடிதாசியைத் தபாலில் போடக் கையில் வைத்துக்கொண்டு, அழுகிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனேன். அவள் கையை உதறிக்கொண்டு ஓடி, வேனிலிருந்து இறங்கிய எல்கேஜி வரிசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். வாசலில் ஜெஸ்வின் சார் டை கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வேன் பிள்ளைகளை அவரே எண்ணித்தான் உள்ளே விடுவாராம். அவருடைய அப்பா வீரகேரளம்புதூரில் நெல் மண்டி வைத்திருந்தவர், அந்த மண்டியை விற்றுத்தான் பள்ளிக்கூடம் கட்டினார்கள் என்று வாட்ச்மேன் எனக்குப் பிற்பாடு சொன்னார். ரெபேக்காள் மிஸ் ப்ரீகேஜி அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பேராச்சியிடம் வருவதற்குள், ஜெஸ்வின் சார் குனிந்து அவள் தலையில் கைவைத்து எண்ண ஆரம்பித்துவிட்டார்.

“லாபம்... ரெண்டு... மூணு...”

மிஸ் அந்த அட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.