பள்ளத்துக்கு ஒரு பாராட்டு விழா

தெமோதரைக்கு மேலே, மூக்குத்திமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவு லயத்தில், இராக்கம்மாவின் மருமகள் நிஷாந்தினிக்குக் கார்த்திகையில் பிள்ளை பிறக்கும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பாதைக்கு மட்டும்தான் இருந்தது. லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கும் அந்தப் பாதையின் நடுவில் குரங்குப்பள்ளம் என்று ஓர் இறக்கம். ஆட்டோ அங்கே ஏறாது. ட்ரக்டர் வெயில் காலத்தில் மட்டும், அதுவும் டிரைவர் சாமியைக் கும்பிட்டுக்கொண்டால், ஏறும். நோயாளி என்றால் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் கம்பு கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இராக்கம்மாவின் புருஷன் அப்படித்தான் இறங்கினார். பெரிய ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகிற தேவை அவருக்கு இல்லாமல் போயிருந்தது.

தோட்டத்து ஒபிஸில் கேட்டால், அது பிரதேச சபையின் பாதை என்றார்கள். சபையில் கேட்டால், அது தோட்டத்தின் பாதை என்றார்கள். இரண்டு தரப்பும் இவ்வளவு பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்த சொத்து ஊவா மாகாணத்தில் வேறொன்று கிடையாது.

இராக்கம்மா கேட்டுக் களைத்துப்போய், தானே காசு சேர்த்துப் பள்ளத்துக்குக் கொங்கிறீட் போடுவதென்று இறங்கினாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் முந்தானையை ஏந்தினாள். மற்றப் பெண்கள் முனகிக்கொண்டே போட்டார்கள். பதுளையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற இத்ரூஸ் முதலாளியிடம் போய் நின்றாள். அவர் கொஞ்சநேரம் தாடியைத் தடவிவிட்டு, "சீமெந்தில பாதிய நான் தாரன். மிச்சத்த நீங்க பாருங்க" என்றார். அந்த மிச்சம்தான் கிடைக்கிற வழியாக இல்லை.

வழியை அவள் எல்லவில் கண்டாள். உறவுக்காரர் வீட்டுச் சடங்குக்குப் போனவள், கொழும்பிலிருந்து வந்த ஒரு கூட்டம் கையில் கம்போடும் காலில் சேற்றோடும் மலையேறுவதைப் பார்த்தாள். எல்லார் முகத்திலும் அப்படியொரு சந்தோஷம். பொடிநடையாகக் கூடப் போன வழிகாட்டியிடம் விசாரித்தாள். ஏதோ தருமத்துக்காக நடக்கிறார்கள், நடக்கிறதுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று காசும் கட்டியிருக்கிறார்கள், பாதை மோசமாக இருந்தால் காசு இன்னும் கூடச் சேரும் என்று அவன் சொன்னான். மோசமான பாதைதான் வேண்டுமென்றால், கடவுள் புண்ணியத்தில் இராக்கம்மாவிடம் ஒன்று இருந்தது.

பக்கத்துக் காம்பரா வீட்டு விதுஷா புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், போனில் கெட்டிக்காரி. அவள்தான் குரங்குப்பள்ளத்தைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதுளையிலிருந்து டீச்சர்மாரும் பேங்க்காரர்களும் ஒரு வேன் நிறைய வந்தார்கள். காசு கட்டினார்கள், பெரிய ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறினார்கள், இராக்கம்மா சுட்ட ரொட்டியும் சம்பலும் தின்றார்கள், திரும்ப இறங்கினார்கள். இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். விழுந்தவர்கள்தான் மற்றவர்களைவிடச் சந்தோஷமாகப் போனார்கள். இப்படி ஒரு பள்ளத்தை வாழ்க்கையில் கண்டதில்லை என்று ஒரு டீச்சர் கண்கலங்கினார். ஆடி பிறப்பதற்குள் இன்னும் மூன்று கூட்டம் வந்துபோனது. ஆவணிக்குள் கொங்கிறீட் போட்டுவிடலாம் என்று இராக்கம்மா மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். அப்போதுதான் அவளைப் பாராட்ட அரசாங்கம் வந்தது.

அரசாங்கம் என்றால் சமூக உற்சாகமூட்டல் பிரிவு. அப்படியொரு பிரிவு இருப்பது அதுவரை சமூகத்துக்குத் தெரியாது. அதன் பொறுப்பதிகாரி புவனேந்திரன் வெள்ளைச் சட்டையோடு, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளத்தைக் கடந்து வந்து சேர்ந்தார். நற்பணிகளுக்கு நிதி திரட்டும் சாதாரண மனிதர்களை இனங்கண்டு, கௌரவித்து, ஊக்குவித்து, நெறிப்படுத்துமாறு மேலிடம் பணித்திருப்பதாகச் சொன்னார்.

"நீங்க சாதாரண ஆள்தானே அம்மா?"

"ஆமாங்க."

"அதுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கா?"

இராக்கம்மா திரும்பித் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். தகரம் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் கல்லும் பழைய டயரும் வைத்திருந்தது. புவனேந்திரனும் பார்த்தார். திருப்தியோடு குறித்துக்கொண்டார்.

அதன்பிறகு எல்லாம் முறைப்படி நடந்தன. நடைக்குக் 'கரடுமுரடு நடைபவனி' என்று பெயர் வைத்தார்கள். சேர்ந்த காசு வெளிப்படைத்தன்மையின் பொருட்டு யாரும் பார்க்க முடியாத ஒரு கணக்குக்கு மாற்றப்பட்டது. இராக்கம்மாவின் முகம் போட்ட பெனர் தெமோதரைச் சந்தியில் கட்டப்பட்டது. அதில் அவள் முகத்தைவிட ஆறு பேருடைய முகம் பெரிதாக இருந்தது. அந்த ஆறு பேரும் அவளை வாழ்த்துகிறவர்களாம்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை லயத்து ஆம்பளைகள் சிரமதானம் செய்து, பள்ளத்தின் பெரிய குழிகளில் கல்லைக் கொட்டி நிரப்பினார்கள். செவ்வாய்க்கிழமை புவனேந்திரன் அளவு நாடாவோடு வந்துவிட்டார். பழைய படத்தையும் குழியையும் மாறிமாறிப் பார்த்து வேதனைப்பட்டார். முழங்கால்வரை இருந்த குழி கணுக்கால்வரை வந்துவிட்டதாம். காசு கட்டி வருகிறவர்களை இப்படி ஏமாற்றுவது குற்றம் என்றார். குழிகளை முன்னிருந்த நிலைக்கு மீளக் கொண்டுவர உத்தரவாகியது. நிரப்பியது இலவசம், தோண்டுவதற்குக் கூலி உண்டு. ஆகவே நிரப்பின அதே ஆட்கள் தோண்டினார்கள். கூலியைக் கண்டதும் இரண்டு குழி கூடுதலாகவே விழுந்தது.

இராக்கம்மாவுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. ஒரு நாள் பேரை, அந்த நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு, பஸ் ஏறிப் புவனேந்திரனின் கந்தோருக்கே போனாள்.

"பாதை போடத்தானுங்க ஐயா காசு சேர்த்தோம். மருமகளுக்குக் கார்த்திகையில பிரசவம்."

"பாதைதான் அம்மா எங்கட நோக்கமும். நோக்கத்துக்கு யாரும் குறுக்க நிக்க இல்லை" என்றார் புவனேந்திரன். "ஆனா யோசிச்சுப் பாருங்க. பாதையைப் போட்டா நடைபவனி எங்க நடக்கும்? நடைபவனி நடக்காட்டி பாதைக்குக் காசு எங்க இருந்து வரும்?"

"காசுதான் வந்துருச்சுங்களே."

"வந்துட்டுதுதான். நடைபவனி நடந்ததாலதானே வந்தது? அதை நிப்பாட்டச் சொல்றீங்களே."

இதில் எங்கோ ஒரு ஓட்டை இருப்பது இராக்கம்மாவுக்குத் தெரிந்தது. எங்கே என்று விரல் வைக்கத்தான் தெரியவில்லை. ஐயா பிளேன்டி வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தாள்.

இத்ரூஸ் முதலாளியின் சீமெந்தாவது மிஞ்சும் என்று இருந்தாள். அதுவும் போனது. கௌரவ விருந்தினர்கள் சேற்றில் நிற்பது நாகரிகமல்ல என்று, பெரிய ரோட்டோரத்தில் அதைக் கொண்டே ஒரு மேடை கட்டினார்கள். அந்த மலையில் விழுந்த முதல் கொங்கிறீட் அதுதான். மழமழவென்று, கால் வழுக்காத மாதிரிக் கோடெல்லாம் போட்டு, மிக அழகாக வந்திருந்தது.

லயத்தில் இதற்குள் பாதையைப் பற்றிய பேச்சுக் குறைந்துவிட்டது. வாராவாரம் ஆட்கள் வந்தார்கள். ஒரு வீட்டில் ஊன்றுகோல் வாடகைக்குக் கிடைத்தது. இன்னொரு வீட்டில் கால் கழுவச் சுடுதண்ணீர். படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்குக் கொழுந்துக் கூடை மாட்டிவிட ஓர் அக்கா இருந்தார். பொய் சொல்லுவானேன், இராக்கம்மாவின் ரொட்டியும் நன்றாகத்தான் ஓடியது. ஐப்பசியில் கூரைக்குப் புதுத் தகரம் போட்டாள். ஆனால் இரவில் நிஷாந்தினி புரண்டு படுக்கிற சத்தம் கேட்டால் அவளுக்குத் தூக்கம் போய்விடும். புருஷனைத் தூக்கிப்போன அந்தக் கதிரை கண்முன் வந்து நிற்கும்.

மாபெரும் இறுதி நடைபவனி கார்த்திகையில், அடைமழைக்கு நடுவில் வைக்கப்பட்டது. மழையில் பள்ளம் உச்ச நிலையில் இருக்கும் என்பது காரணம். முந்நூறு பேர் மஞ்சள் டீ-சேர்ட்டோடு பெரிய ரோட்டில் கூடினார்கள். கொடி அசைந்தது. முதல் ஆள் பள்ளத்துக்குள் கால் வைக்கிற நேரத்தில், மேலே லயத்தில் நிஷாந்தினிக்கு வலி கண்டது.

விதுஷா ஆட்டோக்கார ரமேஸுக்குப் போன் போட்டாள். கீழே ரோட்டில் தயாராக நிற்பதாகச் சொன்னான். கதிரையில் கம்பைக் கட்டி, நாலு பேர் தூக்கி, லயத்து வாசலைத் தாண்டியபோது மறித்தது பதிவு மேசை. நடக்கிறவர்கள் ஏறிவந்து திரும்புகிற இடத்தில் அதைப் போட்டிருந்தார்கள். குடைக்குக் கீழே ஓர் உத்தியோகத்தர் அம்மணி இருந்தாள். நெஞ்சில் இலக்கம் குத்தாதவர்கள் இன்றைக்குப் பாதையில் இறங்க முடியாது, காப்புறுதிப் பிரச்சினை என்றாள்.

"பிரசவ வலிங்கம்மா. விடுங்க."

"விடாம இல்லை. பதிஞ்சிட்டுப் போகச் சொல்றேன். தூக்கிறவங்க நாலு, நீங்க ஒண்ணு. கதிரையில இருக்கிறவங்க நடக்கல்லைத்தானே? அவங்களுக்குப் பாதிக் கட்டணம்."

நிஷாந்தினி பல்லைக் கடித்துக்கொண்டு, "அத்தை, கட்டித் தொலைங்க" என்றாள். இராக்கம்மா ரொட்டிக் காசை அப்படியே மேசையில் கொட்டினாள். அந்த அம்மணி வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, ஐந்து வயதுக்குக் கீழே இலவசம் என்று சிரித்தாள்.

இறங்குகிற வழியெல்லாம் ஏறிவருகிறவர்கள் கைதட்டினார்கள். ஒதுங்கி வழிவிட்டு, போனில் படம் பிடித்தார்கள். எவ்வளவு தத்ரூபமாகச் செய்கிறார்கள் என்று ஒருவர் தன் மனைவியிடம் வியந்தார். கூடுதலாகத் தோண்டிய குழி ஒன்றில், அதைத் தோண்டியவனே கால் வைத்துச் சரிந்தான். கதிரை ஒரு பக்கம் சாய்ந்தது. இராக்கம்மா சேற்றில் மண்டியிட்டு மருமகளை நெஞ்சோடு தாங்கிப் பிடித்தாள். அந்த நிமிஷம் அவளுக்கு வந்த பயத்துக்கும் கோபத்துக்கும், கையில் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி இருந்திருந்தால் கந்தோரே மிஞ்சியிருக்காது.

ஏறினவர்கள் யாரும் இன்னும் திரும்பி வராததால், முடிவுக் கோட்டு ரிபனை முதலில் அறுத்தது கதிரைதான். புவனேந்திரன் மேடையிலிருந்து ஒலிவாங்கியோடு ஓடிவந்தார். முதலிடம் பெற்ற அணி என்று அறிவித்தார். நிஷாந்தினியின் கழுத்தில் பதக்கத்தைப் போட்டு, வெற்றியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லும்படி ஒலிவாங்கியை நீட்டினார். நிஷாந்தினி சொன்னாள். சரியாக இரண்டு வார்த்தைதான். அவற்றை இங்கே எழுத முடியாது. தூரத்தில் நின்றவர்களுக்கு விளங்காததால் பலத்த கரகோஷம் எழுந்தது. ரமேஸ் ஹோர்னை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆட்டோவை எடுத்தான்.

பதுளை ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். இராக்கம்மா வார்டு வாசலில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

தை மாதம், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கூட்டம் வைத்தார்கள். சேர்ந்திருக்கிற காசில் அந்தப் பள்ளத்துக்கு இரண்டு தடவை கொங்கிறீட் போடலாம் என்று புவனேந்திரனே ஒத்துக்கொண்டார். ஆனால் மக்களின் பள்ளத்தை மக்களைக் கேட்காமல் மூடுவது ஜனநாயகமாகாது என்றார். இத்ரூஸ் முதலாளியும் வந்திருந்தார். அவர் கடையில் இப்போது மழைக்கோட்டும் முரட்டுச் சப்பாத்தும் ஊன்றுகோலும் அமோகமாக விற்றன. பாதை வருவது நல்லதுதான், ஆனால் அப்படியென்ன அவசரம் என்று அவர் பொதுவாக அபிப்பிராயப்பட்டார். அடுத்த வருடம் 'நோயாளி தூக்கும் பிரிவு' என்று புதிதாக ஒன்று சேர்க்கப்படுவதாகவும், பதுளையிலிருந்து ஏழு அணிகள் இப்போதே நோயாளி கேட்டிருப்பதாகவும் புவனேந்திரன் அறிவித்தபோது, களத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. முடக்குவாதக்கார மாரிசாமி தன் பெயரை உடனே கொடுத்தார். ஒரு இறக்கத்துக்கு எவ்வளவு தருவார்கள் என்று மட்டும் கேட்டார்.

"கொங்கிறீட் இப்பவே போடவேணும் எண்டு நினைக்கிறவங்க கையை உயர்த்துங்க" என்றார் புவனேந்திரன்.

இராக்கம்மா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். தூக்கத்தான் நினைத்தாள். பால்மாவு விலை ஞாபகம் வந்தது. வீட்டில் இனித் தூக்கிப்போக வேண்டிய ஆள் யாரும் இல்லை என்பதும் ஞாபகம் வந்தது. ஒரு வருடம் தள்ளினால் குடியா முழுகிவிடும்? பச்சைப்பிள்ளையைப் பிடித்திருக்கிறவள் கையை எப்படித் தூக்குவது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

களத்தில் ஒரேயொரு கை உயர்ந்தது. விதுஷாவின் கை. அவளுக்கு அப்போது நாலு மாதம். கையை இறக்காமல், வேறு யாரையும் பார்க்காமல், இராக்கம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இராக்கம்மா குனிந்து பேத்தியின் தொப்பியைச் சரிசெய்தாள்.

பள்ளத்தை இன்னும் ஒரு வருடம் அப்படியே வைத்திருக்கும் தீர்மானம் நிறைவேறியது. கூட்டம் கலையும்போது புவனேந்திரன் நேரே விதுஷாவிடம் போனார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க தங்கச்சி?"

"என்ன செய்ய? வீடு வீடாப் போய்க் காசு கேப்பேன். நானே போடுறேன் அந்தப் பாதைய."

புவனேந்திரனின் முகம் மலர்ந்தது. பின்னால் நின்ற உத்தியோகத்தர் அம்மணியைத் திரும்பிப் பார்த்தார்.

"எழுதிக்கொள்ளுங்க. அடுத்த வருஷத்துக்குச் சாதாரண ஆள் கிடைச்சாச்சு." பிறகு இராக்கம்மாவிடம் வந்து, வெகு மரியாதையாகக் கேட்டார். "விழாவில இந்தப் பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்த நீங்கதான் வரவேணும் அம்மா."

இராக்கம்மா பேத்தியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"வாறேனுங்க" என்றாள்.