எட்டரை கிராம் பேய்

கமுதிச் சந்தையில்கூட இவ்வளவு கூட்டம் கூடாது. கல்யாண மண்டபத்துக்குப் பலூன் சாமி வந்துவிட்டாரே! ராமேஸ்வரம் தீர்த்தம் ஊற்றிய பாட்டிலை நோயாளி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். சாமி பலூனுக்குள் திருநீறு போட்டு, பாட்டில் வாயில் மாட்டி, நிமிர்த்துவார். தீர்த்தம் நுரைக்கும், பலூன் உப்பும். உள்ளே இருப்பது நோய்ப் பேயாம்! வாராவாரம் பேய் இளைக்கும். மூன்றாம் வாரம் பலூன் உப்பவே உப்பாது. குணமாகிவிட்டதாம்.

மலையாண்டிக்குக் காசநோய். இன்று மூன்றாம் வாரம். பலூன் உப்பாவிட்டால் மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்லியிருந்தார் சாமி. ஆறு மாத மாத்திரையில் இரண்டு மாதம்தான் முடிந்திருந்தது. மனைவி அமுதவள்ளி வேண்டாமென்று தடுத்தாள். கெஞ்சினாள், அழுதாள். மனுஷன் கேட்டால்தானே!

ஆனால் அவள் பிளஸ் டூவில் வேதியியல் படித்தவள். முதல் வாரமே, நேர்த்திக்கடன் நூல் என்று சொல்லிப் பலூனைச் சுற்றி அளந்துவிட்டாள். ஒரு முழம் நாலு விரல். அப்படியென்றால் காற்று இரண்டரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தீர்த்தத்தில் வேறு வினிகர் வாடை. எண்பத்து நாலு கிராம் ஆப்பசோடா வினிகரில் கரைந்தால் இருபத்து நாலு லிட்டர் காற்று வரும். கணக்குப் போட்டாள். அந்தத் திருநீறு எட்டரை கிராம் ஆப்பசோடா!

மலையாண்டியின் முறை வந்ததும், அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக் காலி நாற்காலியில் வைத்தாள்.

"செத்த பொறுங்க சாமி. இன்னைக்குப் பேயை நான் வரவழைக்கிறேன்."

"ஏத்தா, இது விளையாட்டு இல்ல!" சாமி பதறினார்.

"நகைக்கடைத் தராசுல நிறுத்த ஆப்பசோடா இது. எட்டரை கிராம். மொத வாரப் பேயோட அளவு இந்த நூல்ல இருக்கு. இதுக்குச் சரியா வந்து நிக்கும் பாருங்க."

நூல் வளையத்தைப் பலூனில் மாட்டி, சோடாவைப் போட்டு, பாட்டிலில் கவிழ்த்தாள். பலூன் உப்பியது, நூலை முட்டியது, நின்றது.

"அப்ப இந்தப் பிளாஸ்டிக் சேருக்கும் காசநோயா சாமி?"

சாமிக்குத் திடீரென்று பரமக்குடியில் அவசர வேலை நினைவுக்கு வந்தது. "ஏலே, புடிங்கடா அந்தாளை!" என்று கூட்டம் கத்தியது.

மலையாண்டி சட்டைப்பையைத் தடவி மாத்திரை அட்டையை எடுத்தார். "தண்ணி இருக்கா வள்ளி?" அமுதவள்ளிக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அவள் காலில் விழ வந்தார்கள்.

"அடுத்த சாமியைத் தேடாதீங்க!" என்று சீறினாள். "வீட்டுக்குப் போயி நீங்களே போட்டுப் பாருங்க. பாதிச் சோடா போட்டா, பாதிப் பேய்தான் வரும்!"