வயிறு நிறையாத உண்ணி

நம் கதாநாயகன் முன்பு தங்கியிருந்த வீட்டிலிருந்து, கடைசியில் வீட்டுக்காரர்கள்தான் பெட்டி கட்டிக்கொண்டு வெளியேறினார்களாம். எங்கள் தெரு முடிதிருத்துபவர் சொன்னது இது; அவருக்கு, அவரிடம் தலையைக் கொடுத்திருந்த யாரோ சொன்னது. உண்மையோ, பொய்யோ!

வாசகர்களே, இந்த உயிரினத்தின் பெயர் மனித உண்ணி. நாயின் காதுமடலில் குடியிருக்குமே, அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். உண்ணிக்குப் பாயவும் வராது, பறக்கவும் வராது. புல் நுனியில் ஏறி, முன்னங்கால்களை விரித்து, யாராவது உரசிப் போகமாட்டார்களா என்று மாதக்கணக்கில் பட்டினியோடு காத்திருக்கும். மனித உண்ணிக்குப் புல் நுனி, கைப்பேசி. "சும்மாதான் கூப்பிட்டேண்ணா. இப்ப எந்தப் பக்கம் இருக்கீங்க?"

இம்முறை உரசிப் போனவர் ஒரு லாரி ஓட்டுநர். அவருடைய பள்ளித் தோழனின் தம்பி, வேலை தேடி வந்தவன், "ரெண்டே நாள்" என்று பெட்டியோடு வந்து இறங்கினான். ஓட்டுநரின் மனைவியை வாசலிலேயே "அண்ணி" என்றான். நாமும் அப்படியே அழைப்போம். அவளுக்குத்தான் போகப்போக அந்தச் சொல் கசந்துவிட்டது.

அண்ணிக்கு விலங்கு மருத்துவமனையில் வேலை. நாளெல்லாம் நாய்களின் உடம்பிலிருந்து உண்ணி பிடுங்குகிறவள். தன் வீட்டில் ஒன்று ஏறியது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? உண்ணி கடிக்கிறபோதே எச்சிலால் அந்த இடத்தை மரத்துப்போக வைத்துவிடுகிறது. மனித உண்ணியின் எச்சில் பாராட்டு. "இப்படி ஒரு காபி குடிச்சு எத்தனை வருஷமாச்சு அண்ணி!" பூரித்துப்போன அண்ணி இன்னொரு கோப்பை போட்டாள். அத்தோடு கடி முடிந்தது.

உண்ணிக் குஞ்சுக்கு ஆறே கால்கள். ரத்தம் குடித்து வளர்ந்தால் எட்டு. இவனுக்கு இரண்டே கால்கள்தான், ஆனால் அவை முதலில் சோபாவில் நீண்டன, பிறகு சாப்பாட்டு மேசைக்கடியில் நீண்டன, பிறகு தலைவலி என்று சொல்லி ஒரு மத்தியானம் சின்ன அறைக்குள் நீண்டவை திரும்பி வரவேயில்லை. அது பிறக்கப்போகும் குழந்தைக்காக மஞ்சள் பூசி வைத்திருந்த அறை. அண்ணிக்கு நிறைமாதம். பிரிக்காத தொட்டில் பெட்டியின் மேல் இவனுடைய காலுறைகள் காய்ந்தன.

"உண்ணியாவது வயிறு நிறைஞ்சா தானா விழுந்துடும்" என்றாள் அண்ணி, கணவனிடம். "இது விழாதுங்க. நான் எடுக்கறேன்."

"நீ சும்மா இரு. நான் பக்குவமா பேசறேன்."

உண்ணியை எடுக்கையில் வயிற்றை மட்டும் அமுக்கவே கூடாது. உள்ளே இருப்பதையெல்லாம் கடிவாயிலேயே கக்கிவிடும். ஓட்டுநர் நேராக வயிற்றையே அமுக்கினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம், "அப்புறம், எப்ப கிளம்பற?" என்றார் சிரித்தபடி.

கக்கினான். செத்துப்போன அப்பா, ஏமாற்றிய முதலாளி, கைவிட்ட காதலி, எல்லாம் தட்டில் வந்து விழுந்தன. "நான் பாரமாயிட்டேனாண்ணா?" என்று விசும்பினான். ஓட்டுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் வாசல் சாவியின் நகலைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தார்.

மறுநாள் அண்ணியே இடுக்கியை எடுத்தாள். தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக இழுக்க வேண்டும்.

"தம்பி, இந்த ரூம் குழந்தைக்கு வேணும்."

"அதுக்கென்ன அண்ணி, தொட்டிலை இங்கேயே போடுங்க. ராத்திரி அழுதா எனக்கு முழிப்பு வருமோன்னு கவலையே வேணாம். இடி விழுந்தாலும் தூங்குவேன்."

இடுக்கி வளைந்துவிட்டது.

இப்போது அண்ணி சமையலறையில் நிற்கிறாள், கட்டி முடித்த பெட்டி காலடியில். மஞ்சள் அறையிலிருந்து குறட்டை வருகிறது. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் தன் அக்காவை அழைத்திருக்கிறாள். அக்கா வீட்டில் ஓர் அறை காலி.

"ரெண்டே நாள்னு சொல்லு" என்று கிசுகிசுக்கிறார் கணவர். "சும்மாதான் கூப்பிட்டேன்னு ஆரம்பி."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நீங்கள் கடைசியாக ஒரு சொந்தக்காரரைச் சும்மா அழைத்தபோது, மணி கொஞ்சம் அதிக நேரம் அடித்ததே, நினைவிருக்கிறதா? பாவம், குளித்துக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்தீர்கள், இல்லையா?

அண்ணியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.