கை கழுவும் தொட்டியில் தொடங்கும் கடல்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் நலமென்று நம்புகிறேன். தங்கள் சலவை நிலையத்தில் உள்ள விரிப்புகளின் நலத்தைப் பற்றி மகள் தொலைபேசியில் விவரமாகச் சொன்னாள். நேரில் வந்து விளக்கியிருப்பேன். "இப்ப வராதீங்கப்பா. மாமா கடை வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. தெருவுல குடை பிடிச்சுட்டு யாரு போனாலும் நீங்கதானான்னு எழுந்து எழுந்து பார்க்கறாரு" என்று அவள் சொன்னதால், சில நாட்கள் போகட்டும், எழுத்திலேயே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். பெண்ணைக் கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு இருக்க வேண்டிய பணிவெல்லாம் இருக்கிறது. ஆசிரியன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. இந்த இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதுவதுதான் சிரமமாக இருக்கிறது.

தாங்கள் பெற்றோர் சங்கத் தலைவர். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடல் பார்க்க அழைத்துப் போகும் பேருந்துக்குத் தங்கள் கையெழுத்து வேண்டும். அந்த வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கடலைப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற என்னைப் பள்ளி மறுபடி கூப்பிட்டு, வாரம் ஒரு மணி நேரம் நீரையும் கடலையும் பற்றிச் சொல்லிக் கொடுங்கள் என்றபோது முதல் நாளே கேட்டேன், கடல் எங்கே ஆரம்பிக்கிறது என்று. "மேப்புல நீலமா இருக்கற எடத்துல சார்" என்றான் ஒருவன். இல்லை, நீ கை கழுவும் தொட்டியில் என்றேன். வகுப்பே சிரித்தது. சங்கக் கூட்டத்தில் நான் இதையே சொன்னபோது நீங்களும் சிரித்தீர்கள். "கடல் எங்கயோ கெடக்கு, நம்ம பிள்ளைங்க இங்க கெடக்குதுங்க. ரெண்டுக்கும் என்ன சார் தொடர்பு? படத்துல காட்டுங்க, போதும்" என்றீர்கள். தொடர்பைக் கண்ணால் பார்க்கும்படி காட்டுகிறேன் என்றேன். "காட்டுங்க சார், பஸ்ஸுக்கு நானே டீசல் போடறேன்" என்றீர்கள். எல்லோரும் கேட்டார்கள். தலைமையாசிரியை இரண்டு முறை தலையை ஆட்டினார்.

நான் செய்தது மிக எளிய சோதனை. பள்ளியின் பின்புறம் பிள்ளைகள் கை கழுவும் தொட்டியில் பச்சைச் சாயத்தைக் கரைத்து விடுவது. அது பள்ளிச் சாக்கடை வழியாகத் தெருக் கால்வாய்க்கும், அங்கிருந்து சிறு பாலத்தடி ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும் போக வேண்டும். ஓடை வரை நாங்கள் கூடவே நடந்து பார்ப்போம், மிச்சத்தை ஆறு பார்த்துக்கொள்ளும். சாயம் உயிருக்குத் தீங்கில்லாதது, ஆய்வுக்கூடப் பொருட்கள் விற்கும் கடையில் கேட்டே வாங்கினேன். புட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு தேக்கரண்டி போதும் என்று போட்டிருந்தது உண்மைதான். ஆனால் சம்பந்தி, கடைசி பெஞ்சுக்குத் தெரியாத பாடம் பாடமே அல்ல என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தவன் நான். கரும்பலகையில் எழுதினாலும் பெரிதாக எழுதுவேன், பேசினாலும் உரக்கப் பேசுவேன். அந்தப் பழக்கத்தில் புட்டி முழுவதையும் கவிழ்த்துவிட்டேன்.

கால்வாய் நெடுகப் பிள்ளைகளை நிறுத்தி வைத்தேன். மற்றவர்களோடும் தலைமையாசிரியையோடும் நான் சிறு பாலத்தில் நின்றேன். சாயம் பள்ளி வாசலைத் தாண்டியது என்று முதல் பிள்ளை கத்தினாள். முனை திரும்பியது என்று அடுத்தவன் கத்தினான். அப்புறம் சத்தமே இல்லை. ஓடை எப்போதும் போலக் கலங்கலாகவே போய்க்கொண்டிருந்தது. வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், ஓயாமல் கேள்வி கேட்பதால் கேள்விக்குறி என்றே பெயர். அவள் என் சட்டையை இழுத்து, "சார், கடல் இன்னிக்கு லீவா?" என்றாள். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்து, "அடுத்த பீரியட் கணக்கு சார்" என்றார். பேருந்து கைவிட்டுப் போகிறதே என்று பாலத்துக் கட்டையில் குனிந்து ஓடையையே தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் சலவை இயந்திரக்காரர் ஈரக் கையோடு சாலையில் ஓடி வந்து, "ஐயோ, பச்சை! ஹோட்டல் விரிப்பு அத்தனையும் பச்சை!" என்று அலறினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் உங்களை அதிகம் புண்படுத்தியது என்று மகள் சொன்னாள். அது உங்கள் நஷ்டத்துக்குத் தட்டியதல்ல, சாயம் கிடைத்துவிட்டது என்பதற்காகத் தட்டியது.

பிறகு எல்லோருமாகப் போய்ப் பார்த்தோம். தெருமுனையில் கால்வாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் கரையை அரித்து, உங்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் விழுகிறது. குளத்தில் உங்கள் மோட்டார் குழாய். வாடிக்கையாளர்களிடம் நீங்கள் "ஊத்துத் தண்ணி, பன்னீர் மாதிரி" என்று சொல்லும் தண்ணீர், ஏழாம் வகுப்பு கை கழுவிய தண்ணீர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஓர் உதாரணம் பாருங்கள். கூட்டுக் குடும்பத்தில் கடைசி அறையில் ஒருவர் முணுமுணுத்தால் முன்கூடத்தில் இருப்பவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. யார் கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீரும் அப்படித்தான். எங்கள் அழுக்கு உங்களுக்கு வருகிறது. உங்கள் சோப்பு நுரை இன்னொருவருக்குப் போகிறது. எல்லாம் கடைசியில் கடலுக்குப் போய், அது மேகமாகி, மழையாகி மறுபடி நம் தலையில் விழுகிறது. நடுவில் நின்றுகொண்டு எனக்கும் கடலுக்கும் தொடர்பில்லை என்று சொல்ல யாராலும் முடியாது, சங்கத் தலைவராலும் முடியாது.

ஹோட்டல் மேலாளர், "இதை விரிச்சா தங்கறவங்களுக்குப் புல்தரையில படுத்த மாதிரி இருக்கும்" என்று சொன்னாராம். அதற்கும் வழி வைத்திருக்கிறேன். அந்தச் சாயம் சுத்தமான தண்ணீரில் அலசி வெயிலில் போட்டால் போய்விடும். விரிப்புகளை என் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். குளத்துக்கு இக்கரையில்தான் என் வீடு என்றாலும் என் கிணற்றுக்குத் தனி ஊற்று. தண்ணீர் போகும் வழியை வகுப்பில் படமாக வரைந்தபோதுகூடக் கேள்விக்குறி, "சார், உங்க வீட்டுக் கிணறு இந்தப் படத்துல எங்க சார் வருது?" என்று கேட்டாள். "அது இதுல வராது, உக்காரு" என்றேன். நானும் என் மனைவியும் ஒவ்வொரு விரிப்பாக அலசி, பாலாட்டம் வெளுத்துத் திருப்பி அனுப்புகிறோம். இது என் வாக்கு.

ஆகவே சோதனை வெற்றி. நீங்கள் சொன்ன சொல்லும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேருந்துக்குக் கையெழுத்துப் போடுவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகள் இப்போதே யார் முதலில் அலையைத் தொடுவது என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் அன்பு. மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். தங்கள் கோபமும் விரிப்புகளின் பச்சையும் ஒன்றாகவே வெளுக்கட்டும்.

தங்கள் பணிவுள்ள சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். விரிப்புகளை அனுப்ப வேண்டாம். குழாயைத் திறந்தால் தண்ணீர் இளம்பச்சையாக வருகிறது. என் மனைவி கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பாடம் வீட்டுக்கே வந்திருக்கு, வந்து பாருங்க" என்றாள். தனி ஊற்று என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். இத்தனை வருடமாக நாங்கள் குடித்தது உங்கள் குளத்துத் தண்ணீர் போலிருக்கிறது, சோப்பு நுரை உட்பட. கையெழுத்துப் போடுவது இனி உங்கள் இஷ்டம். போட்டால், ஜன்னலோர இருக்கையைக் கேள்விக்குறிக்குக் கொடுங்கள். எனக்குக் கடைசி பெஞ்ச் போதும், அங்கிருந்தே எல்லாம் நன்றாகத் தெரிகிறது. மகளிடம் ஒரு குடம் குடிநீர் கொடுத்தனுப்பினால் நல்லது. எங்கிருந்து பிடித்தது என்று தயவுசெய்து கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.